ஆற்றில் போட்டதைக் கடலில் தேடுகிறோம்

கோண்டுவானா எப்போது உடைந்தது என்று எங்கள் தெருவில் பிளஸ் ஒன் படிக்கும் பெண் போன மாதம் என்னிடம் கேட்டாள். பள்ளியில் பேச்சுப்போட்டி. தலைப்பு, ‘கடல் கொண்ட குமரிக்கண்டம்’. கையில் மூன்று தாள் வைத்திருந்தாள். ஒன்றில் 18 கோடி ஆண்டு, இன்னொன்றில் 13 கோடி, மூன்றாவதில் 9 கோடி. இவை போக, நூலகத்தில் எடுத்த ஒரு பழைய புத்தகம். அதன்படி பார்த்தால் பத்தாயிரம் ஆண்டுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

“நாலுல எது மாமா கரெக்ட்?”

“18 கோடினு எழுதிக்கோ” என்றேன்.

“அது நீங்க எழுதினதுதான். அதான் கேக்குறேன்.”

வாங்கிப் பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே பக்கத்தில் நான் எழுதிய குறிப்பின் அச்சு. ‘18 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா உடைந்தது, இந்தியா வடக்கே நகர்ந்து ஆசியாவில் மோதியது, இமயமலை எழுந்தது.’ மூன்று வாக்கியம், ஒரு வரைபடம். எந்தக் கல்லைப் பார்த்து இதைச் சொல்கிறேன் என்று ஒரு வரிகூட இல்லை. குமரிக்கண்டம் எழுதுகிறவர்களைப் பார்த்து ‘ஆதாரம் எங்கே?’ என்று கேட்கிற ஆள் நான். அதே கேள்வியை இந்தக் குறிப்பிடம் கேட்டால் அதுவும் திருதிருவென்று முழிக்கும்.

ஆகவே இது ஒரு விமர்சனக் கட்டுரை. தமிழில் கோண்டுவானாவின் கதையை நாம் சொல்லும் விதத்தின் மீது. குமரிக்கண்டப் புத்தகங்களும் உண்டு, ‘அறிவியல்’ கட்டுரைகளும் உண்டு, என்னுடையதும் உண்டு.

எப்போது உடைந்தது?

இருபது வருஷத்துக்கு மேல் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சூளைக்குப் பக்கத்தில் வேலை பார்த்தவன் நான். ஃபியூஸ் கேரியர், அகல் விளக்கு, பொம்மை என்று பல உருப்படிகள். சூளையைத் திறக்கும்போது ஒன்று இரண்டாகக் கிடந்தால் முதல் கேள்வி, ‘எப்ப உடைஞ்சது?’ இதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. அச்சிலிருந்து எடுக்கும்போதே ஒரு பக்கம் மெலிந்திருக்கும். காயும்போது மயிரிழை மாதிரி ஒரு கோடு விழும். சூட்டில் அது வாய் பிளக்கும். ஆறும்போதுதான் இரண்டாகும். எந்தக் கட்டத்தை உடைவு என்கிறோமோ அதைப் பொறுத்துத் தேதி மாறும், திட்டு வாங்குகிற ஆளும் மாறுவான்.

கண்டம் உடைவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். முதலில் மேலோடு இழுபட்டு மெலிகிறது. துண்டு துண்டாகச் சரிந்து பள்ளங்கள் உண்டாகின்றன. ஆறுகள் அந்தப் பள்ளங்களில் மண்ணைக் கொட்டுகின்றன. பிறகு கடல் உள்ளே வருகிறது. கடைசியாக, நடுவில் எரிமலைக் குழம்பு எழுந்து புதிய கடல்தரை உருவாகத் தொடங்குகிறது. முதல் கட்டத்துக்கும் கடைசிக் கட்டத்துக்கும் இடையே சில கோடி ஆண்டுகள் ஓடிவிடலாம்.

அதோடு, கோண்டுவானாவுக்கு ஒரே விளிம்பு இல்லை. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, அரேபியா, மடகாஸ்கர், இந்தியா, இலங்கை, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் சேர்ந்த கூட்டுக் குடும்பம் அது. சொத்துப் பிரிவினை ஒரே நாளில் நடக்கவில்லை. இந்தியாவின் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டால் இப்படி வரும்:

சுமார் 18.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தென்னாப்பிரிக்காவிலும் அண்டார்க்டிகாவிலும் பெரும் எரிமலைக் குழம்பு வழிந்தது. கரூ, ஃபெரார் என்ற பெயர்களில் அந்தப் பாறைகள் இன்றும் இருக்கின்றன. இது மயிரிழை விழுந்த நேரம். நான் எழுதிய 18 கோடி இதுதான். அப்போது இந்தியா இன்னும் எதிலிருந்தும் பிரிந்திருக்கவில்லை.

சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒரு பக்கமாகவும், இந்தியா, மடகாஸ்கர், அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா இன்னொரு பக்கமாகவும் விலகின.

சுமார் 13.5 முதல் 12 கோடி ஆண்டுகளுக்குள், இந்தியாவின் கிழக்கு ஓரம் ஆஸ்திரேலியாவையும் அண்டார்க்டிகாவையும் விட்டுப் பிரிந்தது. நம் கிழக்குக் கடற்கரை பிறந்தது இப்போதுதான்.

சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் பிரிந்தது. அந்தச் சமயத்து எரிமலைக் குழம்பு மடகாஸ்கரிலும் இருக்கிறது, உடுப்பிக்குப் பக்கத்தில் செயின்ட் மேரி தீவுகளில் தூண் தூணாக நிற்கும் பாறைகளிலும் இருக்கிறது. சுமார் 6.3 கோடி ஆண்டுகளுக்கு முன் சீஷெல்ஸ் பிரிந்தது. சுமார் 5 கோடியில் ஆசியாவோடு மோதல்.

இப்போது அந்தப் பெண்ணின் மூன்று தாள்களையும் பார்த்தால் மூன்றுமே சரி. 18 என்பது மொத்தக் குடும்பத்தில் விழுந்த முதல் விரிசல். 13 நம் கிழக்கு ஓரம். 9 நம் மேற்கு ஓரம். மூன்றுமே தப்பும்தான், எந்த விளிம்பு என்று சொல்லாததால்.

லெமூரியாவுக்குச் சாட்சி சொன்ன கற்கள்

நாலாவது புத்தகத்துக்கு வருவோம். கா. அப்பாதுரையார் 1940களில் எழுதிய ‘குமரிக்கண்டம் அல்லது கடல் கொண்ட தென்னாடு’. அதைக் கேலி செய்வது சுலபம். அந்தச் சுலபமான வேலையைத்தான் நம்மில் பலர் செய்கிறோம். நானும் செய்திருக்கிறேன். நியாயமாகப் படிக்க வேண்டுமென்றால் அந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர் மடகாஸ்கரின் பாலூட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மடகாஸ்கரில் லெமூர்கள், அவற்றின் உறவினரான தேவாங்கு நம் பக்கத்தில். நடுவே கடல். அப்படியானால் ஒரு காலத்தில் இரண்டுக்கும் இடையே நிலம் இருந்திருக்க வேண்டும் என்றார். அந்த நிலத்துக்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். கண்டங்கள் நகரும் என்று யாரும் நினைக்காத காலம். இரண்டு இடத்தில் ஒரே மாதிரி உயிர்கள் இருந்தால் நடுவில் ஒரு நிலப்பாலம் இருந்து மூழ்கியது என்பதுதான் அன்றைய அறிவியலாளர்களுக்குத் தெரிந்த வழி.

இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. நாம் யாரும் பேசாத பங்கு.

1840களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் கல்லாகிப்போன கிளிஞ்சல்களைத் திரட்டினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து வெளியிட்டார். ‘வெர்டாசெல்லம்’ என்று நம் ஊர்ப் பெயர் அதில் ஏறியது. பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் கிரெட்டேசியஸ் காலப் பாறைகளைப் பற்றி 1862இல் விரிவாக எழுதினார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அவர் பிரித்த மூன்று தொகுதிகளின் பெயர்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

அதே பிளான்ஃபோர்டு 1875இல் இன்னொரு கட்டுரை எழுதினார். இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்து ஒரு ‘இந்தோ-ஓசியானிக் கண்டம்’ இருந்தது என்பது அதன் வாதம். நம் பக்கத்துக் கிளிஞ்சல்கள் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரைக் கிளிஞ்சல்களை ஒத்திருக்கின்றன. ஆனால் கூப்பிடு தூரத்தில் உள்ள நர்மதைப் பள்ளத்தாக்கின் கிளிஞ்சல்களை ஒத்திருக்கவில்லை. நடுவே பெரிய நிலத்தடுப்பு இருந்திருந்தால்தானே அப்படி ஆகும் என்று அன்றைய நிலவியலாளர்கள் யோசித்தார்கள்.

நன்றாகக் கவனியுங்கள். மூழ்கிய கண்டத்துக்குச் சாட்சி சொன்னவை அரியலூர், விருத்தாசலம் வட்டாரக் கற்கள். அவை பொய் சொல்லவில்லை. இரண்டு கரைகளும் அன்று இன்றைவிட நெருக்கமாக இருந்தன என்றுதான் சொல்லின. நடுவில் இருந்த நிலம் மூழ்கிவிட்டது என்பது கேட்டவர்கள் சேர்த்துக்கொண்டது. கரைகளே விலகிப் போயிருக்கலாம் என்று வெகனர் 1912இல் சொன்னார். அதைப் பெரும்பாலான நிலவியலாளர்கள் ஏற்க 1960கள் ஆயின.

ஆக, 1940களில் அப்பாதுரையார் லெமூரியாவையும் இறையனார் அகப்பொருள் உரை சொல்லும் கடல்கோளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, மூழ்கிய நிலப்பாலம் ஒரு கிறுக்குத்தனம் அல்ல. மேலை நாட்டுப் பேராசிரியர்கள் பலர் அப்போதும் அதைத்தான் நம்பினார்கள். என் விமர்சனம் அவர் மேல் இல்லை. 1960களுக்குப் பிறகும் அதே வாதத்தை ஒரு அடிக்குறிப்புகூட இல்லாமல் திரும்பத் திரும்ப அச்சிட்டு, மாணவர் கையில் கொடுக்கிற நம் மேல்தான்.

காலக் கணக்கு ஒன்று போதும். இறையனார் அகப்பொருள் உரை சொல்லும் மூன்று சங்கங்களின் ஆண்டுகள் 4440, 3700, 1850. கூட்டினால் 9990. இந்தியாவின் கிழக்கு ஓரம் பிரிந்தது சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன். இரண்டுக்கும் இடையே 12,000 மடங்கு. மனித இனத்துக்கே மூன்று லட்சம் ஆண்டுதான் வயது. கோண்டுவானா உடைந்ததைப் பார்த்த மனிதக் கண் எதுவும் கிடையாது.

அதற்காக கடல்கோள் நினைவு முழுப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். பனி உருகக் கரையோர நிலம் மெல்ல மெல்லக் கடலுக்குள் போனது. கரையில் வாழ்ந்தவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். ஆனால் அது கண்டம் உடைந்த கதை இல்லை. கரை நனைந்த கதை. இந்த இரண்டையும் ஒரே வினைச்சொல்லில் அடைப்பதுதான் சிக்கல். உடைந்தது, பிரிந்தது, விலகியது, மூழ்கியது என்று தமிழில் நாலு சொல் இருக்கிறது. நாலும் நாலு வேலை. நம் கட்டுரைகளில் நாலும் ஒன்றுக்கொன்று மாற்றாக வருகின்றன.

பதிவாகாத ஒலிநாடா

‘சரி, கடல்தரையைப் பார்த்துத் தேதி சொல்லிவிடலாமே’ என்று கேட்கலாம். பெரும்பாலான கடல்களில் அப்படித்தான் செய்கிறார்கள். கடலடி முகட்டில் குழம்பு எழுந்து ஆறும்போது, அன்றைய பூமியின் காந்தத் திசையை அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் பிடித்துவைத்துக்கொள்கின்றன. நம் சூளைச் செங்கல்லும் இதைச் செய்யும். பூமியின் காந்தத் திசை அவ்வப்போது தலைகீழாக மாறுவதால் கடல்தரையில் வரி வரியாகப் பதிவு விழுகிறது. அந்த வரிகளை எண்ணினால் கடலின் வயது தெரியும்.

ஆனால் நம் கதையில் ஒரு விசித்திரம். சுமார் 12.1 கோடி ஆண்டிலிருந்து 8.3 கோடி ஆண்டு வரை காந்தத் திசை பெரிதாக மாறவே இல்லை. கிட்டத்தட்ட நாலு கோடி ஆண்டுகளுக்கு ஒலிநாடா ஓடியிருக்கிறது, வரி விழவில்லை. வங்காள விரிகுடாவின் பழைய தரை பெரும்பாலும் இந்தச் சமயத்தையும் இதற்குச் சற்று முன்பையும் சேர்ந்தது. அதுவும் போதாதென்று, கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையை அரைத்துக் கொண்டுவந்து அதன் மேல் கிலோமீட்டர் கணக்கில் வண்டலைக் கொட்டி மூடிவிட்டன. கிழக்கு ஓரம் 13 கோடியில் பிரிந்ததா, 12 கோடியில் பிரிந்ததா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுவதற்கு இதெல்லாம் காரணம்.

ஆகவே நம் கரையைப் பொறுத்தவரை கடலைப் பார்த்து உட்கார்ந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். மீதிக் கதை தரையில் கிடக்கிறது. விருத்தாசலத்திலிருந்து தெற்கே அரியலூர், பெரம்பலூர் வரை பேருந்திலேயே போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில்.

மேற்கே கல்வராயன் மலைப் பக்கம் பழைய நைஸ், சார்னோகைட் பாறைகள். கிழக்கே வர வர அவை சரிந்து மண்ணுக்குள் போகின்றன. காவிரிப் படுகை என்று நிலவியலாளர்கள் சொல்வது இந்தச் சரிவில் தொடங்குகிறது. மேலோடு இழுபட்டபோது வடகிழக்கு-தென்மேற்காக நீளும் பள்ளங்களும் மேடுகளும் உண்டாயின. டெல்டாவின் பச்சை வயலுக்குக் கீழே அந்தப் பள்ளங்கள் கிலோமீட்டர் கணக்கில் ஆழமாக இருக்கின்றன. நரிமணத்தில் எண்ணெய் எடுப்பதும் இந்தப் படுகையில்தான்.

பள்ளத்தின் ஓரத்தில் அடுக்குகள் வெளியே தெரிகின்றன. அடியில் தெரணி. பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளைக் களிமண் வெட்டும் குழிகள். மண்ணைப் பிளந்தால் டைலோஃபில்லம் என்ற செடியின் இலைத் தடங்கள் கிடைக்கும். கடல் கிளிஞ்சல் இல்லை. அதாவது நிலம் இழுபட்டுப் பள்ளமாகிவிட்டது, ஆறு மண் கொட்டுகிறது, கடல் இன்னும் இந்த ஓரத்துக்கு வரவில்லை. அண்டார்க்டிகா இன்னும் ரொம்ப தூரம் போகவில்லை. எங்களைப் போன்ற பீங்கான்காரர்கள் தரமான வெள்ளைக் களிமண் என்று மட்டுமே பார்க்கிற மண், உடைவின் முதல் பக்கம்.

அதற்கு மேலே டால்மியாபுரத்துச் சுண்ணாம்புக்கல், காரையின் களிமண் மேடுகள். இங்கே அம்மோனைட், பெலெம்னைட் என்று முழுக்க முழுக்கக் கடல் உயிர்கள். கடல் உள்ளே வந்துவிட்டது. சுமார் 11 கோடி ஆண்டு வாக்கில். காரை அடுக்குக்கும் அதற்கு மேலுள்ள கருடமங்கலம் அடுக்குக்கும் நடுவே ஒரு முறிவு இருக்கிறது. கீழ் அடுக்கு சாய்ந்து, அரிக்கப்பட்டு, அதன் மேல் புது அடுக்கு படிந்திருக்கிறது. அதன் காலம் சுமார் 9 கோடி ஆண்டு. மேற்கே மடகாஸ்கர் பிரிந்ததன் அதிர்வு கிழக்கே இங்கே தெரிகிறது என்று பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு.

ஒரு நாள் பயணத்தில் இழுபட்டது, ஆறு வந்தது, கடல் வந்தது, மறுபடி அசைந்தது என்று நாலு கட்டமும் கண்ணில் படும். என் பழைய குறிப்பில் இதில் ஒன்றுகூட இல்லை. வெளிநாட்டுப் புத்தகத்து வரைபடத்தை எடுத்துப் போட்டிருந்தேன்.

நம் பக்கத்துத் தவறுகள்

குமரிக்கண்டத்தை மறுக்கிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் இரண்டு வாதங்களையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது: ‘கண்டம் லேசான கிரானைட் வகைப் பாறை, கடல்தரை கனமான பசால்ட், ஆகவே கண்டம் மூழ்கவே மூழ்காது.’ பெரும்பாலும் சரி. குமரிக்குத் தெற்கே ஆழ்கடல் தரை பசால்ட்தான். அங்கே மூழ்கிய பெருங்கண்டம் இல்லை. ஆனால் ‘மூழ்கவே மூழ்காது’ என்பது அதிகப்படி. நன்றாக இழுபட்டு மெலிந்த கண்டத்துண்டு கடலுக்குக் கீழே தாழ்ந்து கிடக்க முடியும். மொரீஷியஸ் தீவின் எரிமலைப் பாறைக்கு வயது சுமார் 60 லட்சம் ஆண்டு. அதற்குள் 300 கோடி ஆண்டுப் பழைய சிர்கான் மணிகள் இருப்பதாக 2017இல் ஒரு ஆய்வுக் குழு வெளியிட்டது. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தபோது நடுவில் சிதறிய துண்டுகள் அங்கே குழம்புக்கு அடியில் கிடக்கின்றன என்பது அவர்கள் விளக்கம். அந்தச் செய்தி வந்த வாரம் ‘குமரிக்கண்டம் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று என் கைப்பேசிக்கு ஏழெட்டுப் பேர் அனுப்பினார்கள். நான் எல்லோருக்கும் ‘கண்டம் மூழ்காது’ என்று ஒரே வரியில் பதில் போட்டேன். அவர்கள் சொன்னதும் தப்பு, நான் சொன்னதும் தப்பு. துண்டு மூழ்கியது உண்மை. அது மூழ்கியபோது பேசுவதற்குத் தமிழும் இல்லை, மனிதனும் இல்லை.

இரண்டாவது: ‘கண்டங்கள் விலகியதால்தான் லெமூர் இங்கும் அங்கும் இருக்கிறது, ஸ்கிளேட்டரின் புதிரைக் கண்ட நகர்வு தீர்த்துவிட்டது.’ மிக அழகான முடிவு. பல கட்டுரைகள் இதில்தான் முடிகின்றன. ஆனால் லெமூர்களின் மூதாதையர் மடகாஸ்கருக்குப் போய்ச் சேர்ந்தது அந்தத் தீவு தனித்துப் போய்ப் பல கோடி ஆண்டுகளுக்குப் பிறகு என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் கருத்து. ஆப்பிரிக்காவிலிருந்து, வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட மரங்களின் மேல் மிதந்து போயிருக்கலாம் என்கிறார்கள். நிலப்பாலமும் இல்லை, நகர்வும் இல்லை, தெப்பம். கேள்வி தப்பான விடையைப் பெற்றெடுத்தது, அந்த விடை ஒரு நல்ல தேடலைத் தொடங்கிவைத்தது. அறிவியல் வரலாறு இப்படிக் கோணல்மாணலாகப் போவதை மறைத்து நேர்க்கோடாகச் சொன்னால் அதுவும் ஒரு புராணம்தான்.

இன்னொரு முடிச்சும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில், டைனோசர் காலத்தின் கடைசி அடுக்குகளில், மடகாஸ்கரின் சைமோசூக்கஸ் என்ற முதலையின் பல்லை ஒத்த பல் கிடைத்திருக்கிறது. நிலம் பிரிந்து ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டு கழித்தும் உயிர்களின் சாயல் தொடர்கிறது. நிலம் பிரிந்த தேதி வேறு, உறவு அறுந்த தேதி வேறு. பங்காளி வீட்டுக் கதையெல்லாம் கேட்டவர்களுக்கு இது புரியாமல் போகாது.

என்ன போகிறது?

‘எந்தத் தேதியாக இருந்தால் என்ன? கண்டம் ஒன்றும் திரும்பி வரப்போவதில்லையே’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். போவது கண்டம் இல்லை, சாட்சி.

அரியலூர் வட்டாரம் சிமெண்டுக்குப் பேர் போனது. பிளான்ஃபோர்டு வரைந்த சுண்ணாம்புக்கல் அடுக்குகள்தான் சுரங்கமாகின்றன. வெட்டக்கூடாது என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் மண்ணைச் சுட்டுச் சாப்பிட்டவன்தான். ஆனால் வெட்டும் இடத்தில் என்ன இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1980களின் இறுதியில் ‘புருஹத்காயோசாரஸ்’ என்று ஒரு ராட்சத டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள். அந்த எலும்புகள் இன்று இல்லை, உதிர்ந்து போய்விட்டன. இனி அது எவ்வளவு பெரியது என்று சண்டை போடலாம், அளந்து பார்க்க முடியாது. அதே வட்டாரத்தில், பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில், எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் எழுதிய 18 மீட்டர் நீளக் கல்மரம் வேலி போட்டுப் பாதுகாக்கப்படுகிறது. அது நிலைத்தது, இது உதிர்ந்தது.

குமரிக்கு அப்பால் மூழ்கியதாகச் சொல்லப்படும் ஆறுகளின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். தெரணி, காரை, கல்லமேடு எந்தப் பக்கம் என்று தெரியாது. காணாத நிலத்துக்காகக் கண்ணீர் விடுகிறோம். கண்ணெதிரே இருக்கிற நிலத்தை லாரியில் ஏற்றி அனுப்புகிறோம். நான் சொல்ல வந்ததே இதுதான்.

மச்சம்

எங்கள் ஊருக்குப் பழைய பெயர் திருமுதுகுன்றம். சாமி பெயர் பழமலைநாதர். பெயரில் இரண்டு முறை மலை, ஊரில் மலை இல்லை. சுந்தரர் இங்கே 12,000 பொன் வாங்கி மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்று பெரிய புராணம் சொல்கிறது. ‘ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுகிறான்’ என்ற சொலவடையை இந்தக் கதையோடு சேர்த்தே எங்கள் ஊரில் சொல்வார்கள். கிறுக்கன் என்று சொல்ல அதைப் பயன்படுத்துகிறோம். யோசித்தால் நிலவியலாளர்களும் அதைத்தான் செய்கிறார்கள். ஆறு எந்த மலையைக் கரைத்தது என்று தெரிய, மண் போய்ச் சேர்ந்த படுகையில் தேடுகிறார்கள். கிடைக்கிறது.

கதையில் இன்னொன்றும் உண்டு. அதை நாம் மறந்துவிட்டோம். பொன்னை ஆற்றில் போடுமுன் சுந்தரர் அதில் ஒரு சிறு துண்டை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். மச்சம் என்பார்கள், தரம் பார்ப்பதற்கான மாதிரி. திருவாரூரில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தார். முதலில் மாற்றுக் குறைந்தது. கொடுத்தது கடவுள் என்றாலும் அவர் சும்மா விடவில்லை.

கண்டம் உடைந்தது என்று யார் எழுதினாலும், குமரி என்றாலும் கோண்டுவானா என்றாலும், நான் எழுதினாலும், அந்தப் பெண்ணிடம் மூன்றே கேள்வி கேட்கச் சொன்னேன். எந்த விளிம்பு? எந்தக் கட்டம்? மச்சம் எங்கே?

இந்தப் பக்கத்தில் இருந்த பழைய குறிப்பைத் திருத்திவிட்டேன். 18 கோடி இன்னும் இருக்கிறது, அது எந்த விரிசலின் தேதி என்ற விளக்கத்தோடு.

பேச்சுப்போட்டியில் அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. தெரணிக் களிமண் கட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு போய் மேசை மேல் வைத்துப் பேசினாளாம். தலைப்பை விட்டு விலகிப் பேசியதாக நடுவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்.

“விலகினதுதானே மாமா தலைப்பு?” என்றாள்.